கொச்சியில் இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லித் தொலைத்த பிறகு

இந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு கேப் டவுனில் ஒரு கப்பல் ஏறினேன். வேலைக்கு இல்லைங்க, படிப்புக்கு. ஒரு செமஸ்டர் முழுவதையும் கடலிலேயே நடத்துகிறார்கள். கப்பல் ஓடும்போது வகுப்பு, துறைமுகத்தில் நின்றால் ஊர் சுற்றல். நான் கோவையில் மூன்றாம் ஆண்டு புவியியல் படிக்கிறேன். எங்கள் கல்லூரிக்கு ஒரே ஒரு உதவித்தொகை இடம் வந்தது. மூன்று பேர் விண்ணப்பித்தோம், மற்ற இருவர் வீட்டிலும் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆகவே நான் கடும் போட்டியில் ஜெயித்தேன் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

"கப்பல்ல நெசமாவே படிப்பாங்களா, இல்ல டான்ஸ் ஆடிட்டே இருப்பாங்களா?" என்று இப்போது யாராவது ஒருத்தர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கூடவே, பாதியில் இறங்கி வீட்டுக்கு ஓடப் பார்த்த கதையையும் எழுதிவிடுகிறேன். விளம்பரக் காணொளிகளில் யாரும் வாந்தி எடுப்பதில்லை, பாருங்கள்.

கோவையிலிருந்து ஷார்ஜா, அங்கிருந்து அடிஸ் அபாபா, அங்கிருந்து கேப் டவுன். காத்திருப்பையும் சேர்த்து இருபத்தேழு மணி நேரம் ஆனது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கட்டாயம் வேண்டும். அந்த ஊசியை எல்லா ஊரிலும் போடுவதில்லை, நான் சென்னைக்குப் போய்ப் போட்டேன். கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

எனக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை, நடுவில் ஒருவர் நின்றால் மற்றவர் கட்டிலில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். சுவர் இரும்பு, அதனால் காந்தக் கொக்கி நாலைந்து கொண்டுபோங்கள். காந்திபுரத்தில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் கொக்கி, கப்பல் கடையில் மூன்று டாலர். அடப்பாவிகளா என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அறைத்தோழி லின், வியட்நாம்காரி. ஹோ சி மின் நகரத்தில் அவள் அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை. என் அப்பா பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்து பம்புக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கிறார் என்றதும் கட்டிலை விட்டுக் குதித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கிரீஸ் கறை எதில் போகும் என்று நாங்கள் பேசியதுதான் எங்கள் முதல் உரையாடல்.

இனி அன்றாடம். கடலில் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. வகுப்புகளை இரண்டு கட்டாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் நடத்துவார்கள், துறைமுகம் வரும்வரை அது பாட்டுக்கு ஓடும். எட்டு மணிக்கு எல்லோருக்கும் பொதுவான வகுப்பு, அடுத்து வரும் நாட்டைப் பற்றியது. பிறகு அவரவர் பாடம். கிழக்கே போகப் போக இரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளச் சொல்வார்கள். அதாவது உங்கள் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள், மறுநாள் எட்டு மணி வகுப்பு அப்படியே இருக்கும். துணியைப் பையில் போட்டு வெளியே வைத்தால் துவைத்து வந்துவிடும், ஆனால் எல்லாம் ஒரு அளவு சுருங்கி வரும். இணையம் தினமும் கொஞ்சம்தான், எழுத்துச் செய்தி போகும், வீடியோ பேச்சு நினைத்தே பார்க்காதீர்கள். சாப்பாடு உருளைக்கிழங்கு, பாஸ்தா, மறுபடி உருளைக்கிழங்கு. பருப்புப் பொடி இரண்டு கிலோ கொண்டுபோயிருந்தேன், கும்பிடத் தோன்றியது அதை.

ஒரு விதி மட்டும் மனதில் ஆணி அடித்து வைக்க வேண்டியது. துறைமுகத்தில் கப்பல் ஆறு மணிக்குக் கிளம்புகிறது என்றால் நாலு மணிக்குள் உள்ளே இருக்க வேண்டும். பிந்தினால் அடுத்த ஊரில் இறங்க விடமாட்டார்கள். ஏணியையே எடுத்துவிட்டால் சொந்தக் காசில் விமானம் பிடித்து அடுத்த துறைமுகத்துக்குப் போய்க்கொள்ள வேண்டியதுதான். யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது.

கேப் டவுனிலிருந்து மொரீஷியஸ் ஆறு நாள். இரண்டாம் நாள் மதியம் கடல் புரட்டி எடுக்க ஆரம்பித்தது. பேராசிரியர் காலை அகட்டி நின்று ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துகிறார், நாற்காலிகள் எங்களோடு சேர்ந்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் போய்வருகின்றன. பத்து நிமிடம் தாங்கினேன். அதற்கப்புறம் நாலு நாள் எனக்குக் கழிப்பறைதான் வகுப்பறை. குடலே வெளியே வந்துவிடும் என்று நினைத்தேன். கப்பல் மருத்துவர் ஊசி போட்டார், லின் பச்சை ஆப்பிளை நறுக்கி ஊட்டினாள், ஒன்றும் தங்கவில்லை. முதல் தேர்வில் பெயரை எழுதிவிட்டு வெளியே ஓடினேன். உடம்பை விட மனசு விட்டுப்போனதுதான் பெரிய கொடுமை. மொரீஷியஸுக்கு அடுத்த துறைமுகம் கொச்சி. அன்று சாயங்காலம் வீட்டுக்குச் செய்தி அனுப்பினேன்: "முடியலைங்கம்மா. கொச்சியில இறங்கிக்கறேன்."

பதில் அப்பாவிடமிருந்து வந்தது. "சரி கண்ணு. உன்ற இஷ்டம். வண்டி எடுத்துட்டு வந்தர்றோம்." ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. கப்பல் அலுவலகத்திலும் போய்ச் சொன்னேன். அங்கே இருந்த அம்மையார் அவசரப்படாதே என்றார். கொச்சியில் கப்பல் நாலு நாள் நிற்கும், கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் வந்து முடிவைச் சொல், வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார். உதவித்தொகை அதோடு போய்விடும், திரும்பக் கேட்க முடியாது என்பதையும் சொன்னார். சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்ப வாந்தி எடுக்கப் போனேன்.

வேடிக்கை என்னவென்றால், மொரீஷியஸ் தாண்டிய மூன்றாம் நாள் காலையில் பசியோடு கண் விழித்தேன். அப்படியே எழுந்து போய் மூன்று முட்டை சாப்பிட்டேன். தங்கியது! கடல் ஒன்றும் அடங்கவில்லை, என் உடம்புதான் பழகிக்கொண்டது. அன்றைக்குப் பின்தளத்தில் நடந்த வகுப்பில் பறக்கும் மீன்கள் கூட்டம் கூட்டமாக எழும்பி விழுவதைப் பார்த்தேன். விட்ட பாடங்களைப் பேராசிரியர் தனியாக உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கொச்சி தாண்டியதும் அடுத்த ஊர் லின்னின் ஊர். அவள் அம்மா எனக்காக என்னென்ன சமைக்கலாம் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் போக வேண்டும் போலிருந்தது. ஒரேயடியாக, வெறியாகப் போக வேண்டும் போலிருந்தது.

அதை உடனே வீட்டுக்குச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டை உங்களுக்குத் தெரியாது. எனக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று எங்கள் வீட்டில் யாரும் நேராகச் சொல்ல மாட்டோம். அது மரியாதை இல்லை. "உங்களுக்கு எப்படித் தோணுதுங்களோ அப்படிச் செய்யுங்க" என்பதுதான் எங்கள் பேச்சு. இரண்டு பேருக்கும் பிடிக்காத சோபா ஒன்று பன்னிரண்டு வருடமாக எங்கள் கூடத்தில் கிடக்கிறது. அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது என்று அம்மாவும், அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது என்று அப்பாவும் நினைத்து வாங்கியது. இதற்கு நடுவே அம்மாவிடமிருந்து இன்னொரு செய்தி: "அப்பா காலேஜ்ல பேசிப்போட்டாரு. திரும்பச் சேத்துக்கறாங்களாம்." பட்டறையை விட்டுவிட்டு மூன்று நாள் அலைந்திருக்கிறார் மனிதர். இவ்வளவு செய்தவரிடம் இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நான் வீட்டோடு வந்துவிட வேண்டும் என்பதுதான் அவர் ஆசை போல என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

கொச்சியில் கப்பல் நிற்பது வில்லிங்டன் தீவில். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு வரிசையே இல்லை, பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். லின்னுக்கு இரண்டரை மணி நேரம். வாசலில் அப்பாவும் அம்மாவும் வேனோடு நின்றார்கள். அம்மா என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்து, "என்ன கண்ணு இப்பிடி எளைச்சுப்போயிட்டே" என்று அழ, அப்பா லின்னைப் பார்த்து, "வாங்க அம்மிணி, நல்லாருக்கீங்களா?" என்றார். பெட்டியைக் கடைசி நாள் எடுத்துக்கொள்ளலாம், அதுவரை அந்தப் பிள்ளையும் நம் ஊரைப் பார்க்கட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். வீடு வரைக்கும் இருநூற்றைந்து கிலோமீட்டர், வழியில் பாலக்காட்டில் டீ, மொத்தம் ஐந்தரை மணி நேரம். ரயிலில் வருபவர்கள் தீவிலிருந்து எர்ணாகுளம் ஜங்ஷனுக்கு ஆட்டோ பிடிக்கலாம், இருநூறு ரூபாய் கேட்பார்கள். கோவைக்கு நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம்.

ஊரில் இருந்த நாட்கள் லின்னுக்குத் திருவிழா, எனக்குத் திண்டாட்டம். காந்திபுரத்தில் அவளுக்கு இரண்டு காட்டன் சுடிதார் எடுத்தோம். தொண்டாமுத்தூரில் மாமாவின் தென்னந்தோப்புக்குப் போனோம். முந்தின நாள் யானை வந்து மிதித்துப் போட்ட வாழையைப் பார்த்து அவள் வாயைப் பிளந்தாள். மாமா என்னைப் பார்த்து, "ஏனம்மிணி, கப்பல் படிப்பு அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தென்னைமரத்தைப் பார்த்தார். வீட்டில் தினமும் எனக்குப் பிடித்ததாகச் செய்துபோட்டார்கள், நானும் பத்து நாள் பட்டினி கிடந்தவள் போலச் சாப்பிட்டேன். அது வேறு தப்பாகப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. சமையலறையில் அம்மாவைப் பிடித்து, "அப்பா என்ன நெனைக்கறாருங்கம்மா?" என்றேன். "நீயே கேளு" என்றார். "நீங்க கேட்டுச் சொல்லுங்க" என்றேன். "எனக்கெதுக்கு வம்பு, அப்பனாச்சு மகளாச்சு" என்று வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார்.

கடைசி நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். திருச்சூர் தாண்டியதும் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்து நெரிசலில் மாட்டி, தீவுக்கு வந்து சேர இரண்டரை மணி ஆகிவிட்டது. அப்பா வேனின் பின்கதவைத் திறந்து இடம் ஒதுக்கினார். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். "பெட்டி ரெண்டா, மூணா கண்ணு?"

ரெண்டுதானுங்கப்பா என்றேன். லின்னுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. கயிறு எதற்கு என்றாள், சொன்னேன்.

"இறங்க விருப்பமில்லை என்று அப்பாவிடம் சொன்னாயா?"

"இல்லை."

"நீ இறங்க வேண்டும் என்று அவர் சொன்னாரா?"

"இல்லை."

"பிறகு இதை முடிவு பண்ணினது யார்?"

லின் நேராக அப்பாவுக்கு முன்னால் போய் நின்று ஆங்கிலத்தில் கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம், "ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்" என்றாள். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் பட்டறை அளவுகள் மட்டும்தான் தெரியும். "ஏனுங்க அம்மிணி, எதாச்சும் வேணுமுங்களா?" என்றார். வேறு வழியில்லாமல் என்னைப் பற்றிய கேள்வியை நானே அவரிடம் கேட்டேன்.

"நான் கப்பல்ல போகோணும்னு நெனைக்கறீங்களா, ஊட்டுக்கு வரோணும்னு நெனைக்கறீங்களான்னு லின்னு கேக்குதுங்கப்பா."

"நாம நெனைக்கறதுல என்னங்க இருக்குது. கண்ணுக்கு எப்பிடித் தோணுதோ அப்பிடி."

சொன்னேன். இது பதில் இல்லை, இரண்டில் ஒன்று சொல்லச் சொல் என்றாள் லின். அதையும் சொன்னேன். விருந்தாளி கேட்கும்போது மழுப்ப எங்கள் அப்பாவுக்கு வராது. அம்மாவைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றார் அம்மா. "ராவெல்லாம் என்றகிட்டப் பொலம்பறீங்கல்ல, அதை அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க."

அப்பா கயிற்றை முறுக்கிக்கொண்டே லின்னைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்க்கவில்லை. "போகோணுமுங்க. போயி முடிச்சுப்போட்டு வரோணும். பட்டறையில ஒருத்தரு உடாமச் சொல்லி வெச்சிருக்கறனுங்க, கப்பல் இன்னைக்கு இங்க போகுது, நாளைக்கு அங்க போகுதுன்னு. ஆனா புள்ள முடியலைன்னு சொல்லிப்போட்டுது. முடியாத புள்ளையப் போன்னு எப்பிடிங்க சொல்றது? ஊட்டுல வந்து நல்லாச் சாப்படறதப் பாத்தா, பாவம், ஊட்டுலயே இருக்கட்டும்னுதான் தோணுச்சு."

மொழிபெயர்க்க மறந்துவிட்டேன். லின் என் முதுகில் குத்தினாள்.

"எனக்கு முடியுதுங்கப்பா," என்றேன். "மொரீஷியஸ் தாண்டுனதுலிருந்தே முடியுதுங்க. எனக்குப் போகோணுமுங்க."

"அப்பறம் ஏங் கண்ணு சொல்லலை?"

"நீங்க காலேஜ்ல பேசிப்போட்டீங்களேங்கப்பா!"

"நீ வாரேன்னு சொன்னதுனாலதான பேசுனேன்!"

"நீங்க வண்டி எடுத்துட்டு வாரேன்னு சொன்னதுனாலதானுங்க நான்..."

"உங்களுக்குத் தெரியுமில்லம்மா?" என்று அம்மா பக்கம் திரும்பிக் கத்தினேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் வாயாலயே சொல்லட்டும்னுதான் இருந்தேன் என்றார் அம்மா, ஒன்றுமே நடக்காதது போல. "அப்பனும் மகளும் சண்டை போடறதுன்னா அப்பறமாப் போட்டுக்கங்க. மணி ரெண்டே முக்கால்."

மூன்று மணி! ஓடினேன். பைச் சோதனை, கடவுச்சீட்டுச் சோதனை, ஏணி, படிக்கட்டு. அலுவலகத்தில் மூச்சு வாங்க நின்று, இறங்கவில்லை, போகிறேன் என்றேன். அந்த அம்மையார் கணினியில் எதையோ தட்டிவிட்டு, சரி, போய்த் தண்ணீர் குடி என்றார். அவ்வளவுதான். இரண்டு வாரமாக நெஞ்சில் கிடந்த கல் அவ்வளவு சுலபமாக உருண்டு போனது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொல்லி, அங்கேயே படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் காதல் தோல்வி என்று நினைத்திருப்பார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

இனி போகப்போகிறவர்களுக்கு. முதல் வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். வாந்தி எடுக்கும்போது தோன்றுவது உங்கள் கருத்து அல்ல, உங்கள் வயிற்றின் கருத்து. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு, அங்கே அறை கேளுங்கள். வெறும் வயிற்றோடு இருக்காதீர்கள். வீட்டில் செய்த பலகாரத்தை உள்ளே விடமாட்டார்கள், கடையில் சீல் வைத்த பொட்டலம் மட்டும்தான். அன்று அம்மா கொண்டுவந்த இரண்டு டப்பா முறுக்கும் வாசல் காவலர்களுக்கும் ஆட்டோக்காரர்களுக்கும் போனது. அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தேடிக் கொடுத்ததும் அம்மாதான். மரியாதை என்று மனதிலேயே வைத்துக்கொள்ளாமல் வீட்டில் கேட்டுவிடுங்கள், கேட்டால் சொல்லியும் விடுங்கள். எல்லோருக்கும் ஒரு லின் கிடைக்க மாட்டாள்.

வழியனுப்ப வருகிறவர்களுக்கும் ஒரு யோசனை. துறைமுக வாசலில் நின்றால் ஒன்றும் தெரியாது. ஆறு கிலோமீட்டர் தள்ளி ஃபோர்ட் கொச்சி கடற்கரைக்குப் போய்விடுங்கள். கப்பல் அந்தக் குறுகலான வாய் வழியாகத்தான் கடலுக்குள் போயாக வேண்டும், ஆட்கள் முகம் வரைக்கும் தெரியும். கடலுக்குள் போன பிறகும் கொஞ்ச நேரம் கைப்பேசியில் சிக்னல் இருக்கும். அதில் படம் போட்டு வீணாக்காதீர்கள், வீட்டுக்குப் பேசுங்கள்.

நான் பேசினேன். ஆறேகால் மணிக்கு அப்பா அழைத்தார். "கப்பல் தெரியுது கண்ணு. எந்தப் பக்கம் நிக்கறே?" இடது பக்கம், மேலிருந்து இரண்டாவது தளம் என்று சொல்லிக் கையை ஆட்டினேன். கரையில் கூட்டத்துக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டி இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. வழக்கமாக அந்த இடத்தில், செரி வெச்சர்றேன் என்று சொல்லி வைத்துவிடுவார். அன்று வைக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு," என்றார்.

இந்த இருபது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"எனக்கும் பயமாத்தானுங்கப்பா இருக்குது," என்றேன்.

"செரி. பயப்படற வேலைய நான் இங்கிருந்து பாத்துக்கறேன். நீ போ."